எந்த ஆஸ்பத்திரி?

எனக்கு ஏழாம் மாதம் பிறந்ததுமே வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. “பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில?” கேட்டவர் என் அத்தை. பதில் சொல்ல வேண்டியவர் என் அப்பா. இருவருக்கும் நடுவில் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

“நம்ம டாக்டரம்மா இருக்காங்களே. கைராசிக்காரங்க. இவளையும் இவ அண்ணனையும் அவங்கதானே பிரசவம் பாத்தாங்க” என்றார் அப்பா. அத்தை தலையாட்டினார். விஷயம் முடிந்துவிட்டது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப் போவார்கள். செலவு பெண் வீட்டாருடையது. ஆகவே ஆஸ்பத்திரியும் பெண் வீட்டாருடையது. தஞ்சாவூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், மாடியில் டாக்டரம்மா வீடும் கீழே பத்துக் கட்டிலும் உள்ள அந்த நர்சிங் ஹோமை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான். வகுப்பில் தன்னுரிமை பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால், என்னை யாரும் கேட்கவில்லை என்பதே அன்று எனக்கு உறைக்கவில்லை. எனக்கும் கைராசியில் நம்பிக்கை இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, சென்னையில் வழக்கமான பரிசோதனையில் ரத்த அழுத்தம் 150க்கு 100 என்று காட்டியது. சிறுநீரில் புரதம் இருந்தது. மருத்துவர் பதற்றப்படாமல் சொன்னார். “குழந்தை முன்னாடியே வந்துடலாம். ஊருக்குப் போற யோசனைய விட்டுடுங்க. என்.ஐ.சி.யு. நல்லா இருக்கிற இடமா பாத்து இப்பவே பதிஞ்சுக்குங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில் கேள்வி அப்பாவிடமிருந்து என்னிடம் வந்துவிட்டது. அதுவரை யாரும் எனக்குத் தராத உரிமை, ஆபத்து வந்ததும் கடமையாக என் மடியில் வந்து விழுந்தது. அடுத்த இரண்டு வாரமும் நான் செய்தது ஒரே வேலை. எந்த ஆஸ்பத்திரி என்று தேடுவது.

தேடும்போது கற்றுக்கொண்டேன். 37 வாரம் முடிவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைப்பிரசவக் குழந்தை என்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைக்கு முதல் ஆபத்து மூச்சில் இருக்கிறது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் அதற்குப் போதுமான அளவு சுரந்திருக்காது.

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஓர் ஆண் குழந்தை ஐந்தரை வாரம் முன்கூட்டிப் பிறந்தது. ஒரு விமானப்படைத் தளத்தின் மருத்துவமனையில் பிறந்த அந்தக் குழந்தையைப் பாஸ்டனின் பெரிய குழந்தைகள் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 39 மணி நேரத்தில் இறந்துபோனது. அன்று உலகத்தின் பெரும் அதிகாரம் படைத்த வீட்டாலும் வாங்க முடியாத ஒன்று, இன்று ஒரு மாவட்ட மருத்துவமனையில் கிடைக்கக்கூடும். 1972இல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிரும் என்று காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா, சர்ஃபாக்டன்டைக் குழந்தையின் மூச்சுக்குழாய் வழியாகக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க நன்றியோடு கூடவே ஒரு பயமும் வந்தது. என் பாட்டி எட்டுப் பெற்றவர். தங்கியது ஐந்து. போன மூன்றையும் “விதி” என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லில் எத்தனையோ அநியாயம் ஒளிந்திருக்கலாம். ஆனால், அது பாட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மருத்துவம் வளர்ந்தபோது விதி சுருங்கியது. நல்லதுதான். ஆனால், விதி விட்டுப்போன இடம் காலியாக இருக்கவில்லை. அங்கே ஒரு புது வாக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டது: “நீ முன்னாடியே பாத்திருக்கலாமே.” இந்த ‘நீ’ யார் என்பதுதான் இந்தக் கட்டுரையில் என் கேள்வி.

நான் ஒரு நோட்டு வாங்கிக் கேள்விகள் எழுதினேன். எத்தனை வாரக் குழந்தைவரை அங்கே பார்க்கிறார்கள்? இரவிலும் பச்சிளங்குழந்தை மருத்துவர் கட்டடத்திலேயே இருப்பாரா, போன் போட்டுக் கூப்பிட வேண்டுமா? வென்டிலேட்டர் எத்தனை? குழாய் செலுத்தாமல் மூக்கின் வழியே அழுத்தக் காற்று தரும் சிபாப் கருவி உண்டா? ஒரு நர்ஸ் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார்? குறைப்பிரசவக் குழந்தைகளின் விழித்திரையைப் பரிசோதிக்கக் கண் மருத்துவர் வருவாரா? படுக்கை நிரம்பியிருந்தால் என்ன செய்வார்கள்? இவை நல்ல கேள்விகள். இன்றும் யார் கேட்டாலும் இவற்றைக் கொடுப்பேன்.

போன் செய்த இடங்களில் பாதியில் வரவேற்பு மேசைப் பெண் “எல்லா வசதியும் இருக்கு மேடம்” என்றார். ‘எல்லா வசதி’ என்றால் என்ன என்று கேட்டால், “நீங்க நேர்ல வாங்க, பேக்கேஜ் சொல்றோம்.” ஓர் இடத்தில் பேசிய குழந்தை மருத்துவர் மட்டும் மனம் விட்டுப் பேசினார். “பிறந்த பிறகு குழந்தைய ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு ஓடறதவிட, வயித்துக்குள்ள இருக்கும்போதே தாய் சரியான எடத்துக்கு வந்து சேர்றதுதான் நல்லது. கருப்பைய மிஞ்சின ஆம்புலன்ஸ் உலகத்துல இல்லம்மா” என்றார்.

அவர் சொன்னது உண்மை. வெளியே பிறந்து கொண்டுவரப்படும் குழந்தை வழியில் குளிர்ந்துபோகலாம். சர்க்கரை குறையலாம். மூச்சு நிற்கலாம். 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ்கள் இருந்தும் இந்த ஆபத்து முழுதாக நீங்கிவிடாது. கென்னடியின் குழந்தையும் பிறந்த பிறகுதான் கொண்டுபோகப்பட்டது. அறிவு அவர் சொன்னதை ஏற்றது. ஆனால், போனை வைத்த பிறகு அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. நான் ஆம்புலன்ஸ். உள்ளே ஒரு நோயாளி. வண்டிக்கு வேலை, நேரத்துக்குப் போய்ச் சேர்வது. சேர்ந்த பிறகு வண்டியை யார் நினைப்பார்கள்?

அன்று சாயங்காலம் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் தோழி வந்தாள். நோட்டை முழுதும் படித்துவிட்டு, “எல்லாம் சரி, உனக்கு?” என்றாள். எனக்குப் புரியவில்லை. “அங்க ரத்த வங்கி இருக்கா? பெரியவங்களுக்கு ஐ.சி.யு. இருக்கா? ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க டாக்டர் இருப்பாரா? உனக்கு பி.பி. ஏறி வலிப்பு வந்தா யாரு பாப்பாங்க?” என் நோட்டில் ஒரு வரிகூட என்னைப் பற்றி இல்லை. சூல்வலிப்பு பிரசவத்துக்கு முன்பு மட்டும் வருவதில்லை, குழந்தை பிறந்த பிறகும் வரலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் உயிருக்கு வந்த நோயால்தான் இந்தத் தேடலே தொடங்கியது. ஆனால், நானே என்னை வண்டியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

தாயா, குழந்தையா என்று நம் சினிமாக்களில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்பாரே, அந்தக் கேள்வி நிஜத்தில் அப்படி வருவது அபூர்வம். நிஜத்தில் அது ஒரு நோட்டுப் புத்தகத்தில், எழுதாமல் விட்ட வரியாக வருகிறது. யாரும் என்னைப் பலி கேட்கவில்லை. நானும் பலி கொடுக்கவில்லை. கேட்க மறந்தேன், அவ்வளவுதான். நல்ல தாய் என்பவள் தன்னை மறப்பவள் என்று பாட்டியும் அம்மாவும் அத்தையும் வாழ்ந்து காட்டியது அந்த மறதிக்குள் இருந்தது. அன்றிரவு நோட்டின் முதல் பக்கத்தில், மேலே இருந்த வெற்றிடத்தில், என் கேள்விகளை நெருக்கி எழுதினேன். அப்படி எழுதும்போது ஏதோ தப்புச் செய்வதுபோல் கை கூசியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம் பணமும் மானமும். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ராசா மிராசுதார் அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் எழும்பூரில் 1844இல் தொடங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. 2011இல் வந்த மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டப்படி அரசு மருத்துவமனைகளில் பிரசவமும் நோயுற்ற பச்சிளங்குழந்தையின் சிகிச்சையும் இலவசம். “கவர்மெண்ட் ஆஸ்பத்திரியா?” என்றார் அத்தை. அவர் கெட்டவர் இல்லை. “சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க” என்பதுதான் அவர் கவலை. அப்பாவுக்கும் அதே கவலை, வேறு திசையிலிருந்து. சம்பந்தி வீட்டில் தலை குனிய நேருமே என்று. இருவரின் மானத்துக்கும் நடுவில் என் இணையர் வங்கிக் கடன் எடுத்தார். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருந்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் பதிந்தோம். ரத்த வங்கி இருந்தது. பெரியவர்களுக்கான ஐ.சி.யு. இருந்தது. இரவு மருத்துவர் இருந்தார். எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டேன். நான் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தது.

31ஆவது வாரத்தில் கண்ணில் பூச்சி பறந்தது. தலைவலி மண்டையைப் பிளந்தது. சேர்த்துவிட்டார்கள். இடுப்பில் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. எனக்கு வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் மருந்து. அது ஏறும்போது உடம்பெல்லாம் தீப்பிடித்ததுபோல் இருக்கும். மூன்றாம் நாள் அறுவை சிகிச்சையில் மகள் பிறந்தாள். 1 கிலோ 320 கிராம். ஒரு பூனைக்குட்டியின் சத்தம். துணிக்குள் ஏதோ ஒன்று என் தலைமாட்டைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான் பார்த்தேன்.

மறுநாள் மாலை சக்கர நாற்காலியில் அந்தக் கதவுக்குப் போனேன். காவலாளி நிறுத்தினார். “விசிட்டிங் டைம் பதினொண்ணுல இருந்து பதினொண்ணரை, அஞ்சுல இருந்து அஞ்சரைம்மா. இப்ப ஆறாயிடுச்சு.” நான் அம்மா என்றேன். “எல்லாருக்கும் அதே டைம்தான்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதி அவர் எழுதியதில்லை. 31 நாள் என் மகள் உள்ளே இருந்தாள். நாளொன்றுக்கு இருமுறை, அரை அரை மணி நேரம், நான் அவளுடைய பார்வையாளர். பாலைக் கறந்து டப்பாவில் ஊற்றிப் பெயர் எழுதி ஜன்னல் வழியே கொடுப்பேன். என் நோட்டில் நான்கு பக்கக் கேள்விகள் இருந்தன. “என்னை உள்ளே விடுவீர்களா?” என்ற கேள்வி இல்லை. அதைக் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நடைபாதையைத் துடைக்கும் அக்கா ஒருநாள் என் பக்கத்தில் நின்றார். அவருடைய மகளுக்கும் குறைமாதமாம். அரசு ஆஸ்பத்திரியாம். “ஒண்ணே கால் கிலோ. நெஞ்சுல கட்டிக்கிட்டே இருந்தா எம்மவ. அவ குளிக்கப் போனா நான் கட்டிக்குவேன். அங்க கட்டிலுதான் பத்தாது. ஆனா புள்ள நம்மகிட்டயே இருக்கும்” என்றார். எந்தப் பெருமையும் இல்லாமல் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

அவர் மகள் செய்ததற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978இல் கொலம்பியாவின் பொகோடா நகரத்தில், இன்குபேட்டர்கள் போதாத ஓர் ஏழை மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இல்லாமையிலிருந்து பிறந்த ஏற்பாடு. இருப்பவர்கள் அதை ஏழைகளின் மாற்று என்று நெடுநாள் நினைத்தார்கள். 2021இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. தில்லி சப்தர்ஜங் உள்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே தாயின் தோலோடு தோல் சேர்த்து வைத்தபோது, 28 நாளுக்குள் இறப்பது ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்தது. அதற்காகத் தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போட வேண்டியிருந்தது. தாய்க்கான சிகிச்சையையும் அங்கேயே கொடுக்க வேண்டியிருந்தது. தாயையும் குழந்தையையும் இரண்டு கோப்புகளாகப் பிரித்து வைத்திருந்த மருத்துவமனையை மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. தாய் வண்டியும் இல்லை, பார்வையாளரும் இல்லை, அவளும் நோயாளி, அவளும் மருந்து. இதை நான் ஒரு வரியில் எழுதிவிட்டேன். அறுவைத் தையலோடு மூடிய கதவின் முன் நின்றபோது இதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

அதே நடைபாதையில் இன்னொருத்தியும் உட்கார்ந்திருப்பாள். இருபத்திரண்டு வயதிருக்கும். வெளியூரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் 30ஆவது வாரத்தில் அவளுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையை ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். அவள் இரண்டு நாள் கழித்துப் பேருந்தில் வந்து சேர்ந்தாள். ஐந்தாம் நாள் அந்தக் குழந்தை போய்விட்டது. அவளுடைய மாமியார் என்னைக் காட்டி அவளிடம் சொன்னார்: “அந்தப் புள்ளையப் பாரு. முன்னாடியே விசாரிச்சு வந்து சேந்திருக்கு. படிச்ச புள்ள. நமக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சே.”

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இவ்வளவு கேவலமாக நான் உணர்ந்தது வேறில்லை. ‘நமக்கு’ என்று அவர் சொன்னாலும் அது யாரைக் குத்தியது என்பது அவள் குனிந்த தலையில் தெரிந்தது. என் வீட்டிலும் அதே பாட்டுத்தான். “நல்ல வேளை, நீ சரியா தேர்ந்தெடுத்த” என்றார் அப்பா. இந்தப் பாராட்டை நான் ஏற்றுக்கொண்டால் அந்தப் பெண்ணின் மேல் விழுந்த பழியையும் ஏற்றுக்கொள்கிறேன். என் மகள் பிழைத்தது என் சாமர்த்தியம் என்றால், அவள் குழந்தை போனது அவளுடைய சாமர்த்தியமின்மை. இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

ஆனால், நான் உண்மையில் என்ன செய்தேன்? சென்னையில் இருந்தேன். மாதந்தோறும் ரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவர் இருந்தார். அவர் நேரத்துக்கு எச்சரித்தார். இரண்டு வாரம் விடுப்பு எடுக்க முடிந்தது. செவிலியர் தோழி இருந்தாள். கடன் கொடுக்க வங்கி இருந்தது. இவை எதுவும் என் அறிவு இல்லை. என் நோட்டுக்கூட அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவள் தேர்ந்தெடுக்கத் தவறவில்லை. அவள் முன்னால் தேர்ந்தெடுக்க எதுவுமே வைக்கப்படவில்லை.

அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் ஐரிஸ் மரியன் யங், தன் மறைவுக்குப் பின் 2011இல் வெளியான நூலில் சாண்டி என்ற கற்பனைத் தாயைக் காட்டுகிறார். இரண்டு குழந்தைகளோடு வாடகை வீடு தேடுகிறாள். யாரும் அவளுக்குத் துரோகம் செய்யவில்லை. வீட்டு உரிமையாளர், தரகர், எல்லாரும் விதிப்படிதான் நடக்கிறார்கள். ஆனாலும் அவள் தெருவுக்கு வந்துவிடும் நிலை. இங்கே குற்றவாளியைத் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள், கடைசியில் சாண்டியே மாட்டுவாள் என்பது யங் காட்டும் சிக்கல். பழி என்பது நடந்து முடிந்ததைப் பார்ப்பது. பொறுப்பு என்பது இனி நடக்க வேண்டியதைப் பார்ப்பது. அந்த அமைப்பில் பங்குள்ள எல்லாருக்கும் அதை மாற்றும் பொறுப்பில் பங்குண்டு என்கிறார் அவர். நடைபாதையில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேண்டியிருந்த வேறுபாடு இதுதான். நான் குற்றவாளி இல்லை. அவளும் இல்லை. ஆனால், என்னால் ‘நான் தப்பித்தேன்’ என்று எழுந்து போய்விட முடியாது.

அப்படியானால் தேடவே வேண்டாமா என்று யாராவது கேட்கலாம். வேண்டும். இன்னொரு முறை வந்தாலும் தேடுவேன். கைராசி டாக்டரம்மாவிடம் போகமாட்டேன். தேடுவது அறிவு. தேடலை அறமாக்கி, தேட முடியாதவளைப் பாவியாக்குவதுதான் தப்பு. மேலும், எவ்வளவு தேடினாலும் ஒரு தாயின் கண்ணுக்குத் தெரியாதவை உண்டு. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பிடித்த தீயில் 10 குழந்தைகள் இறந்தன. 2024 மே மாதம் தில்லி விவேக் விகாரில் ஒரு தனியார் பச்சிளங்குழந்தை மருத்துவமனையில் தீ. அதன் உரிமம் காலாவதியாகியிருந்தது என்று பிறகு தெரியவந்தது. எந்தத் தாய், பிரசவ வலியோடு போய், தீயணைப்புச் சான்றிதழைக் காட்டு என்று கேட்பாள்? ஆய்வாளர் செய்ய வேண்டிய வேலையைத் தாயின் ‘தேர்வு’ செய்ய முடியாது. ‘உங்கள் விருப்பம்’ என்று நம்மிடம் சொல்லப்படும் பல இடங்களில், அரசும் நிர்வாகமும் தங்கள் வேலையை நம் தலையில் இறக்கி வைக்கின்றன.

வீட்டின் விருப்பமும் அப்படியே. அரசுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ஆண் குழந்தைகளைவிடக் குறைவாகவே பெண் குழந்தைகள் சேர்க்கப்படுவதை யுனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. ஆண் சிசுக்கள் உடலளவில் கூடுதல் பலவீனமானவை என்பது ஒரு காரணம்தான். முழுக் காரணம் இல்லை. இலவசமான படுக்கைக்குக்கூட மகளைத் தூக்கிக்கொண்டு போகாத வீடுகள் உண்டு. என் மகளின் மூன்றாம் வாரக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஓர் உறவினர், “பொட்டப் புள்ளைக்கு இவ்வளவா?” என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. மெல்லத்தான் சொன்னார்.

சென்னைக் கடற்கரைக்கு அருகே கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இருக்கிறது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப் 1885இல் தொடங்கியது. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதற்காகவே வீட்டுக்குள் செத்துக்கொண்டிருந்த பெண்கள் அன்று இருந்தார்கள். ‘அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர விரும்பவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஷார்லீப் அவர்கள் வரக்கூடிய ஓர் இடத்தைக் கட்டினார். ஆனால், அதன் முதல் பெயரிலேயே ‘சாதி, கோஷா பெண்களுக்கான’ என்று இருந்தது. கட்டும்போதே யாருக்கு என்றும் எழுதிவிட்டார்கள். இன்று அது எல்லாருக்கும் பொது. அந்தக் கதவைத் திறந்ததும் எந்த ஒற்றைப் பெண்ணின் நல்ல தேர்வும் இல்லை. தேர்வு என்பது நாம் எடுப்பது மட்டும் அல்ல. யாரோ நமக்குமுன் கட்டி வைத்தது. அல்லது கட்டாமல் விட்டது.

மகளுக்கு இப்போது ஆறு வயது. போன மாதம் சித்தி மகள் ஊரிலிருந்து போன் செய்தாள். ஆறாம் மாதம். “அக்கா, எந்த ஆஸ்பத்திரிக்கா? நீ அப்ப எல்லாம் விசாரிச்சியே. அந்த நோட்டு இருக்கா?” இருக்கிறது. முதல் பக்கத்தில் அவளைப் பற்றிய கேள்விகளை இந்த முறை நெருக்காமல், இடம் விட்டு, புதிதாக எழுதினேன். குழந்தையின் கேள்விகளில் “தாய் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கலாம்?” என்பதை முதலில் வைத்தேன். தஞ்சாவூர் அரசு மருத்துவமனையின் பெயரைத் தயங்காமல் எழுதினேன். எங்கள் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தையும், அந்த நேரத்துக்கு நடுவில் குழந்தையைப் பார்க்க ஓர் இடமும் இல்லை என்பதையும் எழுதினேன். அதைப் பற்றிக் கேட்க வேண்டியவர்களின் பட்டியல் தனி. அதில் அவள் பெயர் இல்லை. எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

பிறகு அவளிடம், “தம்பி பக்கத்துல இருக்கானா?” என்று கேட்டேன். டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள். “போன அவன்கிட்ட குடு” என்றேன். அவன் வந்ததும், “ஒரு பேனா எடுத்துக்கப்பா. நாளைக்கு நீ பத்து எடத்துக்குப் போன் போடணும். அவ போடக் கூடாது. அவளுக்கு வேற வேலை இருக்கு” என்றேன்.

“சொல்லுங்கக்கா” என்றான். முதல் கேள்வியைச் சொன்னேன். “ராத்திரி ரெண்டு மணிக்கு இவளுக்கு ரத்தம் வேணும்னா, எங்க இருந்து வரும்?” கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு எழுதும் சத்தம் கேட்டது.